மத்தியதரைக்கடல் நகரங்களுக்கு ஒரே கைப்பையுடன்: நான்கு இரவுப் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

ரோம், பார்சிலோனா, ஏதென்ஸ், நேப்பிள்ஸ், வலெட்டா போன்ற நகரங்களுக்கு மூன்று நான்கு இரவுகள் மட்டும் செல்பவர், செக்-இன் பெட்டி எதுவும் இல்லாமல், விமானத்தின் கேபினுக்குள் கொண்டுசெல்லும் ஒரே பையோடு வசதியாகப் போய்வரலாம். பெட்டிக்கான கட்டணம் மிச்சமாவதும், இறங்கியதும் பெட்டிக்காகக் காத்திருக்காமல் வெளியேற முடிவதும் எல்லோருக்கும் தெரிந்த நன்மைகள். என்னைப் பொறுத்தவரை அவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நகரங்களின் விடுதிகளில் அறை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். கடைசி நாளில் காலை பத்து, பதினொரு மணிக்கே காலி செய்துவிட வேண்டும். விமானமோ காலையில் வந்து இறங்கி, இரவில் கிளம்புவதாக இருக்கும். ஆகவே குறுகிய பயணத்தில் முதல் நாளின் பாதியும் கடைசி நாளின் பெரும்பகுதியும் கையில் அறை இல்லாமலேயே கழிகின்றன. அந்த நேரத்தில் தோளில் மாட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றிப் பார்க்கக்கூடிய பைதான் சரியான பை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முடிவும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்ற முடியுமா என்ற இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

முதலில் பயணச்சீட்டைப் படியுங்கள்

"கேபின் பை" என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது. ரையன்ஏர் நிறுவனத்தின் மிகக் குறைந்த கட்டணத்தில் இலவசமாகக் கிடைப்பது இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறிய பை மட்டுமே; அதன் அளவு 40 × 30 × 20 செ.மீ., அதாவது ஏறத்தாழ 24 லிட்டர். ஈஸிஜெட் 45 × 36 × 20 செ.மீ. வரை அனுமதிக்கிறது, கொள்ளளவு 32 லிட்டரைத் தொடும். லுஃப்தான்சாவில் 55 × 40 × 23 செ.மீ. பை ஒன்றை இருக்கைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கலாம், ஆனால் எடை 8 கிலோவைத் தாண்டக் கூடாது. எமிரேட்ஸின் எகானமி வகுப்பில் வரம்பு 7 கிலோ. மலிவு விமான நிறுவனங்கள் பெரும்பாலும் அளவைப் பார்க்கும், மற்ற பல நிறுவனங்கள் எடையைப் பார்க்கும் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளலாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், சீட்டு எடுக்கும் அன்று ஒரு முறையும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறையும் நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு விமானங்களில் மாறிச் செல்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. நீண்ட தூர விமானத்தில் 7 கிலோ அனுமதி இருந்தாலும், அங்கிருந்து தனியாக எடுத்த மலிவு விமானச் சீட்டில் சிறிய பைக்கு மட்டுமே இடமிருக்கலாம். இரண்டு சீட்டுகளில் எது கடுமையானதோ அதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அளவைக் கணக்கிடும்போது சக்கரம், கைப்பிடி, வெளிப்பக்கப் பையறைகள் எல்லாம் சேர்த்தே கணக்கிடுகிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சக்கரமா, தோளா?

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் பையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பிறகு எவ்வளவு கவனமாக அடுக்கினாலும் பயனில்லை. மத்தியதரைக்கடல் கரையின் பழைய நகரங்கள் சக்கரப் பெட்டிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை. ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் சாம்பியெத்ரீனி என்னும் கருங்கல் கட்டைகளுக்கு இடையே சிறு சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும். அரை கிலோமீட்டர் இழுத்தாலே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். வெனிஸின் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பக்கத்தில் நிற்கும் ஸ்கால்ஸி பாலம் படிக்கட்டுகளால் ஆனது. அதைத் தாண்டினால் அடுத்த பாலமும் அநேகமாக அப்படித்தான். குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கில், பழைய நகரத்தின் முதன்மைத் தெருவிலிருந்து வடக்கே ஏறும் சந்துகளும், வலெட்டாவின் குறுக்குத் தெருக்கள் பலவும் வெறும் படிகளே. பழைய குடியிருப்புகளில் லிஃப்ட் இருக்காது. இருந்தாலும் ஒருவரும் ஒரு பெட்டியும் நெருக்கி நிற்கும் அளவுக்கே இருக்கும்.

எடைக் கணக்கும் இதையே சொல்கிறது. நான்கு இரவுகளுக்கு மே மாதத்தில் ரோமுக்குச் செல்லும் ஒருவரின் பொருள்களை நிறுத்துப் பார்ப்போம். மூன்று மேலாடைகள் 550 கிராம், ஒரு கூடுதல் கால்சட்டை 350, நான்கு நாள் உள்ளாடைகளும் காலுறைகளும் 400, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் 300, மழைக்கான மெல்லிய ஜாக்கெட் 300, சால்வை 150, சாண்டல் 500, இரவு உடை 300, குளியல் பொருள்கள் 700, சார்ஜர் வகையறா 500, மருந்தும் ஆவணங்களும் 300. மொத்தம் 4.35 கிலோ. ஒரு கிலோ எடையுள்ள முதுகுப்பையில் வைத்தால் 5.35 கிலோ, 7 கிலோ வரம்புக்குள் தாராளமாக அடங்குகிறது. அதே பொருள்களை 2.7 கிலோ எடையுள்ள கடினமான ட்ராலியில் வைத்தால் 7.05 கிலோ, வரம்பு தாண்டிவிடுகிறது. உள்ளே இருப்பதில் ஒரு கைக்குட்டைகூடக் கூடவில்லை, கூடியது பெட்டியின் எடை மட்டுமே.

ஆகவே முதுகுவலியோ வேறு உடல்நலக் காரணமோ இல்லாதவர்களுக்கு, சூட்கேஸைப் போல முழுவதும் திறக்கக்கூடிய, மென்மையான, 24 முதல் 32 லிட்டர் வரையிலான முதுகுப்பையைத்தான் நான் பரிந்துரைப்பேன். மேலிருந்து மட்டும் திறக்கும் மலையேற்றப் பைகளில் அடியில் இருக்கும் ஒரு சட்டையை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும். தோள்பட்டைகள் அகலமாகவும், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டியும் இருந்தால் எடை பரவலாக இறங்கும். பணமும் பாஸ்போர்ட்டும் வைக்கும் ஜிப், முதுகை ஒட்டிய பக்கத்தில் இருக்க வேண்டும். பார்சிலோனாவின் லா ரம்ப்லா தெருவிலும், ரோமின் நெரிசலான பேருந்துகளிலும் ஜேப்படி ஏராளம். தோளில் சுமக்க முடியாதவர்கள் ட்ராலி எடுப்பதில் தவறில்லை. அவர்கள் இரண்டு கிலோவுக்குக் குறைவான துணி ட்ராலியைப் பெரிய சக்கரங்களோடு தேர்ந்தெடுத்து, படிகள் குறைந்த பகுதியில் விடுதியைப் பதிவு செய்துகொள்ளலாம்.

மாதத்தைப் பார்த்துத் துணியைத் தீர்மானியுங்கள்

மத்தியதரைக்கடல் என்றதும் வெயில் மட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் இந்தப் பகுதியின் தட்பவெப்பம் வறண்ட கோடையும் ஈரமான குளிர்காலமும் கொண்டது. ஏதென்ஸில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரியைத் தொடும். 40ஐ நெருங்கும் நாள்களும் வரும். 2023 ஜூலை வெப்ப அலையின்போது அங்குள்ள அக்ரோபோலிஸ் என்னும் பழங்காலக் குன்றுக் கோட்டையையே நண்பகல் நேரங்களில் மூடினார்கள். மாறாக ரோமில் ஜனவரியில் பகலில் 12 டிகிரி, விடியற்காலையில் 3 டிகிரி என்பது வழக்கமான நிலை. மழையின் பெரும்பகுதி இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. பார்சிலோனாவில் செப்டம்பர், அக்டோபரிலும் ரோமில் அக்டோபர், நவம்பரிலும் சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்க்கும் மழையை எதிர்பார்க்க வேண்டும்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். மார்சேயில் வீசும் மிஸ்ட்ரால் வானத்தைத் துடைத்து வைத்ததுபோல் தெளிவாக்கிவிட்டு உடலை நடுங்க வைக்கும். ஏஜியன் கடற்கரைகளில் கோடையிலும் மெல்டெமி பலமாக அடிக்கும். இத்தகைய காற்றில் குடை பயன்படாது. தலைமூடியுள்ள மெல்லிய மழை ஜாக்கெட் ஒன்று மழைக்கும் காற்றுக்கும் சேர்த்து உதவும். சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் இத்தாலிக்குச் செல்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அங்கே கட்டடங்களை வெப்பமூட்டும் காலமும் நேரமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. வெளியே இதமாக இருக்கும் மாலையில் கற்சுவர் அறை சில்லென்று இருக்கலாம், ஸ்வெட்டர் அதற்காகவே.

துணிகளைத் தேர்வதில் நான் கடைப்பிடிக்கும் விதி எளிமையானது: எடுத்துச்செல்லும் ஒவ்வொரு மேலாடையும், எடுத்துச்செல்லும் ஒவ்வொரு கீழாடையோடும் பொருந்த வேண்டும். உடுத்திச் செல்வதையும் சேர்த்து நான்கு மேலாடை, இரண்டு கீழாடை என்றால் எட்டு விதமாக மாற்றி உடுத்தலாம். ஐந்து நாள்களுக்கு அது தாராளம். அடர்நீலம், சாம்பல், மண் நிறம் போன்ற அடக்கமான நிறங்களில் இரண்டை அடிப்படையாகக் கொண்டு, மூன்றாவதாக உங்களுக்குப் பிடித்த பளிச்சென்ற நிறம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் படங்களிலும் சலிப்புத் தட்டாது.

துணியின் வகையில் கண்டிப்பாக இருங்கள். லினன் சுருங்கும், ஆனால் காற்றோட்டமானது, விரைவில் காயும். மெல்லிய மெரினோ கம்பளியில் வியர்வை நாற்றம் எளிதில் தங்காது என்பதால் ஒரே டி-ஷர்ட்டை இரண்டு மூன்று நாள்கள் அணியலாம். ஜீன்ஸ் முக்கால் கிலோ வரை எடையுள்ளது, நனைந்தால் ஒரு நாளுக்கு மேலாகியும் காயாது, அதை விட்டுச்செல்லுங்கள். அது இல்லாமல் முடியாது என்பவர்கள் விமானத்தில் அணிந்துகொண்டே செல்லட்டும்.

தேவாலயங்களையும் மசூதிகளையும் மறக்கக் கூடாது. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் விதி. நீண்ட வரிசையில் நின்று வாசலை அடைந்த பிறகு திருப்பி அனுப்பப்படுபவர்களைக் கோடை முழுவதும் பார்க்கலாம். பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்திலும் உடைக் கட்டுப்பாடு உண்டு. இஸ்தான்புல் வரை செல்பவர்கள் மசூதிக்குள் காலணியைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு மெல்லிய, பெரிய சால்வை போதும்: தோளுக்குப் போர்வை, தலைக்கு முக்காடு, விமானத்தில் கம்பளி, கடற்கரையில் விரிப்பு. 150 கிராம் எடைக்கு இத்தனை வேலை செய்யும் வேறு பொருளை நான் அறியேன். முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக்கால்சட்டைக்கு மட்டும் சால்வை உதவாது என்பதால், இரண்டு கீழாடைகளில் ஒன்றாவது நீளமாக இருக்கட்டும்.

காலணியில் சமரசம் வேண்டாம்

இந்த நகரங்களை நடந்துதான் பார்க்க முடியும், நடக்கும் தரையோ பெரும்பாலும் கல். அக்ரோபோலிஸின் பளிங்குப் பாறைகள் எத்தனையோ தலைமுறைக் காலடிகளால் தேய்ந்து, உலர்ந்திருக்கும்போதே வழுக்கும். டுப்ரோவ்னிக்கின் ஸ்ட்ராடுன் தெருச் சுண்ணாம்புக்கல் சிறு தூறலில் கண்ணாடியாகிவிடும். எனவே அடிப்பகுதியில் பிடிமானமுள்ள ரப்பர் கொண்ட, ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ ஒரு ஜோடி. அதைக் காலில் அணிந்து செல்லுங்கள். பயணத்துக்கென்று புதிதாக வாங்கியிருந்தால், குறைந்தது இரண்டு வாரமாவது தினமும் அணிந்து நடந்து பழக்க வேண்டும். பையில் செல்வது பின்பட்டியுள்ள இலகுவான சாண்டல் ஒரு ஜோடி. அது மாலை நடைக்கும், கடற்கரைக்கும், முதல் ஜோடி நனைந்த நாளுக்கும் ஆகும். மூன்றாவது ஜோடிக்கு இடமில்லை. குதிகால் உயர்ந்த காலணிகளைக் கிரேக்கத் தொல்லியல் தளங்களில் 2009 முதல் தடை செய்திருக்கிறார்கள், கற்களைச் சேதப்படுத்துவதால்.

திரவங்கள்

2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று வெளிப்பட்டதற்குப் பின் வந்த 100 மில்லிலிட்டர் விதி இன்றும் பெரும்பாலான விமான நிலையங்களில் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள். புட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவுதான் கணக்கு. 150 மில்லி குழாயில் கால்வாசி பேஸ்ட் மீதமிருந்தாலும் அது செல்லாது. புதிய ஸ்கேனர்கள் வந்துள்ள சில நிலையங்களில் இந்த வரம்பு தளர்ந்திருக்கிறது. ஆனால் போகும் நிலையத்தில் தளர்வு இருந்து, திரும்பும் நிலையத்தில் இல்லாமல் போகலாம் என்பதால், பழைய விதியை நம்பியே அடுக்குங்கள்.

முடிந்தவரை திடப்பொருளுக்கு மாறுவது இந்தச் சிக்கலைப் பாதியாகக் குறைக்கும். சோப்புக்கட்டி, கட்டி வடிவ ஷாம்பு ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. சன்ஸ்கிரீனைச் சிறு குழாயில் முதல் நாளுக்கு மட்டும் எடுத்துச்சென்று, பிறகு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், கிரேக்கம் எங்கும் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்தகங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பயணத்துக்குத் தேவையான திரவ மருந்துகளுக்கு 100 மில்லி வரம்பு பொருந்தாது, ஆனால் மருத்துவரின் சீட்டோடு தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

மின்சாதனம், ஆவணம்

பவர் பேங்க் கேபின் பையில் மட்டுமே செல்ல வேண்டும்; 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. வழக்கமான 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணிதான். கடைசி நேரத்தில் உங்கள் பையை விமானத்தின் அடிப்பகுதிக்கு அனுப்பச் சொன்னால், பவர் பேங்கையும் மருந்தையும் பாஸ்போர்ட்டையும் வெளியே எடுத்துவிட்டே கொடுங்கள். அதற்காகவே அவற்றை ஒரே சிறு பையில் மேலாக வைத்திருப்பது நல்லது. ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், குரோவேஷியா, துருக்கியில் இரண்டு உருண்டைக் கம்பிகள் கொண்ட பிளக் பொருந்தும். மால்டாவிலும் சைப்ரஸிலும் பிரிட்டன் பாணியில் மூன்று செவ்வகக் கம்பிகள். மடிக்கணினி வேலைக்கு அவசியமானால் தவிர வேண்டாம்.

அடுக்கும் முறை

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு எல்லாவற்றையும் கட்டிலின் மேல் பரப்புங்கள். "ஒருவேளை தேவைப்பட்டால்" என்ற காரணத்தை மட்டும் சொல்லிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பொருள்களைத் தனியே ஒதுக்குங்கள். அவற்றில் அந்த நகரத்தின் கடையில் அரை மணி நேரத்தில் வாங்கக் கூடியவை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

கனமானவை முதுகை ஒட்டி, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். சாண்டலைத் துணிப்பையில் போட்டு, ஒன்றின் தலை மற்றொன்றின் காலாக அடியில் வையுங்கள். டி-ஷர்ட், உள்ளாடைகளைச் சுருட்டலாம். லினன் சட்டைகளைத் தட்டையாக மடித்து மேலே பரப்பினால் சுருக்கம் குறையும். துணிகளை ஜிப் வைத்த சிறு துணிப்பைகளில் பிரித்து வைப்பது இடத்தை மிச்சப்படுத்தும் என்பதைவிட, அறையில் பையைக் கலைக்காமல் எடுக்க உதவும் என்பதற்காகவே நான் விரும்புகிறேன். திரவப் பையும் மின்சாதனங்களும் சோதனை வரிசையில் ஒரு கையால் எடுக்கும்படி மேல் அறையில் இருக்கட்டும். எடை மிகும் என்றால் ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் அணிந்து செல்லலாம்.

பிறகு கட்டாயம் செய்ய வேண்டியது ஒரு ஒத்திகை: நிரம்பிய பையை மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள், அரை மணி நேரம் வெளியே நடந்து வாருங்கள். தோள் வலித்தால் எதை எடுப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

சென்று சேர்ந்த பின்

முதல் நாளில் அறை கிடைக்கும் வரை விடுதியிலேயே பையை வைக்கக் கேட்டுப் பாருங்கள். வரவேற்பாளர் இல்லாத அடுக்ககங்களில் அது முடியாது. ரோமின் தெர்மினி போன்ற பெரிய ரயில் நிலையங்களில் பொருள் காப்பகம் உண்டு. கொலோசியத்துக்குள் பெரிய பைகளையும் ட்ராலிகளையும் அனுமதிப்பதில்லை, அங்கே அவற்றை விட்டுச்செல்ல இடமும் இல்லை. ஆகவே அதை அறையுள்ள நாளுக்கு வைத்துக்கொண்டு, அறையில்லாத நாளைச் சந்தைகளுக்கும் சதுக்கங்களுக்கும் கடற்கரை நடைக்கும் ஒதுக்குங்கள்.

இரண்டாம் இரவு ஒரு முறை துவைத்தால் துணிக் கணக்கு சரியாகிவிடும். கைகழுவும் தொட்டியில் சோப்புப் போட்டு அலசி, பிழிந்த துணியை விடுதியின் உலர்ந்த குளியல் துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுகச் சுருட்டி, அதன் மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துண்டு ஈரத்தின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஏதென்ஸின் ஜூலையில் அந்தச் சட்டை விடிவதற்குள் காய்ந்திருக்கும். நவம்பரில் கடலோர நகரத்தின் ஈரக்காற்றில் மறுநாள் மாலை வரை ஆகும் என்பதால், குளிர்காலப் பயணத்துக்கு உள்ளாடை மட்டும் நாளுக்கு ஒன்று என எடுத்துக்கொள்வது மேல்.

பையில் ஒரு காலிப் புட்டி இருந்தால் தண்ணீர்ச் செலவு இல்லை. காலியாக இருந்தால் சோதனையிலும் தடையில்லை. ரோமின் தெருவோரங்களில் நசோனி எனப்படும் இரும்புக் குழாய்கள் நாள் முழுவதும் குளிர்ந்த குடிநீரை ஊற்றிக்கொண்டே இருக்கின்றன. வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வில்லாக எழும்பி வரும், குனியாமல் குடிக்கலாம்.

திரும்பும் நாள்

வாங்கும் பொருள்களும் கேபினுக்குள்தான் வர வேண்டும் என்பதைக் கடைத்தெருவிலேயே நினைத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய் மட்டுமன்றி தேன், பெஸ்டோ, ஜாம், உப்புநீரில் மிதக்கும் ஃபெட்டா, மென்மையான பாலாடைக்கட்டி ஆகியவையும் சோதனையில் திரவமாகவோ கூழாகவோ கணக்கிடப்பட்டு, 100 மில்லிக்கு மேல் இருந்தால் பறிபோகும். சோதனையைத் தாண்டிய பின் உள்ள கடைகளில் வாங்கி, முத்திரையிட்ட பையில் பெற்றால் கொண்டுவரலாம். வழியில் விமானம் மாறுபவர்கள் அந்த முத்திரையைப் பிரிக்கக் கூடாது. கவலையில்லாமல் வாங்கக் கூடியவை காய்ந்த ஒரெகானோ, குங்குமப்பூ, மார்சேய் சோப்புக்கட்டி, உப்பு, கைத்தறித் துணி. இறுகிய பர்மிஜானோ பாலாடைக்கட்டியும் சோதனையில் சிக்காது, ஆனால் பால்பொருள்களை உங்கள் நாட்டுக்குள் கொண்டுவரலாமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். சமையல் கத்தி, கத்தரிக்கோல் ஆகியவற்றில் 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகு இருந்தால் ஐரோப்பிய விமான நிலையங்களில் கேபினுக்குள் அனுமதி இல்லை.

அழுக்குத் துணி மடித்த துணியைவிட அதிக இடம் பிடிக்கும். கிளம்பும் காலையில் அவற்றையும் நன்றாகச் சுருட்டி அடியில் திணித்து, ஷூவை அணிந்துகொண்டு, பை வரம்புக்குள் இருக்கிறதா என்று அறையிலேயே ஒரு சிறு தொங்கு தராசில் பார்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் சரிசெய்ய அப்போது நேரம் இருக்கும். விமானத்தின் வாசலில் அதற்கான கட்டணம், சீட்டு எடுக்கும்போதே கட்டியிருக்கக் கூடியதைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும்.